பிளஸ் ஒன்னில் தொலையும் பீரியடுகள்

தமிழ்நாட்டில் எந்த மேல்நிலைப் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் அதில் பி.டி. பீரியட் இருக்கும். நூலக பீரியட் இருக்கும். சில பள்ளிகளில் நீதிபோதனைகூட எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றால்தான் கதை தெரியும். பி.டி. பீரியடில் இயற்பியல் ஒரு மார்க் டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும். நூலக பீரியடில் கணக்கு சார் விட்டுப்போன போர்ஷனை ஓட்டிக்கொண்டிருப்பார். "பி.இ.டி. சார்கிட்ட சொல்லிட்டேன், யாரும் கிரவுண்டுக்குப் போக வேண்டாம்" என்ற ஒரே வாக்கியத்தில் வேலை முடிந்துவிடும். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையேறிக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இது ஊரறிந்த விஷயம்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உடல், மனம், கை, கலை எல்லாம் சேர்ந்த முழுமையான கல்வியாக இருக்க வேண்டும் என்பதை எதிர்ப்பவர் யாரும் கிடையாது. 1964-66இல் கோத்தாரி குழு அதைச் சொன்னது. 1986 கொள்கை சொன்னது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. 2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. மொழியிலும் நுழைவுத் தேர்விலும் முட்டிக்கொள்ளும் டெல்லியும் சென்னையும் இந்த ஓர் இடத்தில் ஒரே குரலில் பேசுகின்றன. அப்புறம் ஏன் நடக்கவில்லை? ஆசிரியருக்கு மனமில்லை, பெற்றோருக்குப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது விளக்கமாகப் படவில்லை. மார்க்கும் நேரமும் இங்கே எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

1,200 என்ற எண்

கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பான பி.யூ.சி.யை எடுத்துவிட்டு, 1978இல் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல். ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 200, ஆக மொத்தம் 1,200. கல்லூரிச் சேர்க்கை, உறவினர் வீட்டு விசாரிப்பு, தெருமுனை ஃப்ளெக்ஸ் எல்லாவற்றுக்கும் அடுத்த ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு அந்த எண்தான் அளவுகோல். பதினொன்றாம் வகுப்புக்கோ பொதுத்தேர்வே கிடையாது. பள்ளியே கேள்வித்தாள் போட்டு, பள்ளியே திருத்தி, பள்ளியே பாஸ் போடும்.

எண்பதுகளில் மருத்துவம், இன்ஜினியரிங் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கில் 200, நுழைவுத் தேர்வில் 100, இரண்டையும் கூட்டி 300க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். நகரத்தில் கோச்சிங் போன பிள்ளைக்கு அது வசதி, கிராமத்துப் பிள்ளைக்கு அது சுவர். அதனால் 2006இல் சட்டம் கொண்டுவந்து நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். நல்ல நோக்கம், கிராமப்புற மாணவர்களுக்கு நிஜமாகவே பலன் தந்த முடிவு. ஆனால் அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தின் மொத்த எடையும் ஒரே மார்ச் மாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

பள்ளிகள் கணக்குப் போடத் தெரியாதவை அல்ல. பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில்தான் என்றால், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து என்ன ஆகப்போகிறது? நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளின் பெயர் இதில் அதிகம் அடிபட்டது என்றாலும் வழக்கம் அங்கே மட்டும் இருக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கும். பாதி வருஷம்கூட ஆகாமல் கையில் பிளஸ் டூ புத்தகம் ஏறிவிடும். அதையே திருப்பித் திருப்பி ஒன்றரை வருஷம். விடிவதற்கு முன் எழுப்பி, இரவு பத்து, பதினொன்று வரை ஸ்டடி ஹவர். ஒரு மார்க் கேள்விகள் விரல் நுனியில். கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் "பிராய்லர் பள்ளி" என்ற கேலியும் ஒட்டிக்கொண்டது. கேலி செய்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைக்கு அங்கே இடம் கேட்டு நின்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப் படித்த பிள்ளை 190க்கு மேல் கட்-ஆஃப் வாங்கி நல்ல இன்ஜினியரிங் கல்லூரியில் சேரும். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைக்கும். பதினொன்றில் வரவேண்டிய அடித்தளம் அங்கே இல்லை. நீட் கட்டாயமானபோது இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்பு.

2017இல் பெரிய சீர்திருத்தம் வந்தது. மாநில ரேங்க் பட்டியல் ஒழிக்கப்பட்டது. தேர்வு முடிவு நாளில் முதலிடம் பிடித்த பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் படம் அந்த வருஷத்தோடு மறைந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது, மொத்தம் 600. கூடவே பதினொன்றாம் வகுப்புக்கும் 2017-18 முதல் பொதுத்தேர்வு. பாடத்தை நடத்தாமல் தாண்டிப் போவதை நிறுத்த வேறு வழி தெரியவில்லை, தேர்வு வைத்தால்தான் நடத்துவார்கள் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

விளைவு? பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பதினைந்திலிருந்து பதினேழு வயது வரை தொடர்ந்து மூன்று பொதுத்தேர்வு. முதலில் இரண்டு வருஷ மார்க்கையும் சேர்த்து 1,200க்குச் சான்றிதழ் என்றார்கள். அடுத்த வருஷமே உயர்கல்விக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். பிளஸ் ஒன்னில் ஃபெயிலானாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம், விட்டதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஆக, பயம் இருந்தது, பயன் குறைந்தது. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கையோடு அறிவிப்பு வந்தபோது பெரிதாக யாரும் வருத்தப்படவில்லை.

அந்த வயதின் உடம்பு

இந்த வருஷங்களில் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்பது கால அட்டவணை போடுபவர் மேசைக்கு வருவதே இல்லை. பருவமடையும் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. பதினொரு மணிக்கு முன்னால் கண் சொருகாது, காலையில் ஐந்துக்கு எழுப்பினால் உடம்பு எழாது. சோம்பேறி என்று திட்டுகிறோமே, அது பெரும்பாலும் இதுதான். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா அதைச் சட்டமாக்கி 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஏழரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ் பிடித்து வரும் பிள்ளை ஐந்தரைக்கு எழ வேண்டும். ராத்திரி டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, ரெக்கார்டு எழுதிப் படுக்கும்போது பதினொன்றரை. ஆறு மணி நேரம் தேறினால் அதிர்ஷ்டம். அந்தக் களைப்போடு மூன்றாவது பீரியடில் தூங்கி விழும் பையனுக்கு என்ன தண்டனை தெரியுமா? பி.டி. பீரியடில் வெளியே விடாமல் உட்கார வைப்பது.

ஐந்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் என்று வைத்து, அதை யாரும் பிடுங்கவில்லை என்றும் வைத்துக்கொண்டாலும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான் வரும். அதிலும் கிரவுண்டில் ஓடுவது பையன்கள். பெண்பிள்ளைகள் பலர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வயதுக்கு வந்த பிள்ளையை வியர்த்து ஓடவிட வீட்டுக்கும் தயக்கம், பள்ளிக்கும் தயக்கம். கபடி, வாலிபால், கோ-கோ அணி உள்ள பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கேயும் அணியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் ஆட்டம்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. அதாவது ஒரு பிள்ளை நன்றாக வளரும், பசி அதிகமாக எடுக்கும் வயதில், போன மாதம் வரை வாங்கித் தின்ற சோறு பிளஸ் ஒன் சேர்ந்தவுடன் கிடையாது. விலையில்லாச் சைக்கிள் அதே பிளஸ் ஒன்னில்தான் கொடுக்கிறார்கள். சில வருஷம் லேப்டாப்பும் கொடுத்தார்கள். மதிய சோறு மட்டும் அந்த வகுப்புக்கு எட்டவில்லை. கல்வி உரிமைச் சட்டம்கூடப் பதினான்கு வயதோடு விலகிக்கொள்கிறது. பெரிய திட்டங்கள் எல்லாம் குழந்தையை நினைத்துப் போட்டவை. கல்லூரித் திட்டங்கள் இளைஞரை நினைத்துப் போட்டவை. நடுவில் இருப்பவர்களைத் தேர்வுத் துறை மட்டும் மறக்காமல் நினைவில் வைத்திருக்கிறது.

மார்க் போட்டுப் பார்த்தார்கள்

பாடம் தவிர்த்த விஷயங்களை யாரும் மதிப்பதில்லை, சரி, அதற்கும் மார்க் போட்டால் மதிப்பார்கள் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். தமிழ்நாடு அதைச் செய்தும் பார்த்துவிட்டது. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. பருவத்துக்கு 60 மார்க் எழுத்துத் தேர்வுக்கு, 40 மார்க் செயல்பாடுகளுக்கு. எட்டாம் வகுப்பு வரை தொடங்கி மறு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கும் போனது. பத்தாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டது, உள்ளே நுழையவே இல்லை.

கருத்து அருமையான கருத்து. நடந்தது என்ன? பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் வியாபாரம் பெருகியது. சார்ட், தெர்மாகோல், "நீர் மாசுபாடு" படத்தாள், சூரியக் குடும்பப் படத்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா கடைக்கு ஓடுவார், அம்மா வெட்டி ஒட்டுவார், பிள்ளை தூங்கும். ஆசிரியர் வகுப்புக்கு ஐம்பது பதிவேடு எழுதுவார். எல்லாருக்கும் 36, 38. மதிப்பீடு நடந்தது, செயல்பாடு நடக்கவில்லை.

மேல்நிலையிலும் 2017 சீர்திருத்தத்தில் பாடத்துக்கு 10 அகமதிப்பீட்டு மார்க் வைத்தார்கள். வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வு, ஒப்படைவு என்று பிரித்து, கல்வி இணைச் செயல்பாட்டுக்கும் ஒரு துளி கொடுத்தார்கள். இன்று எந்தப் பள்ளியிலாவது அந்தப் பத்தில் எட்டு வாங்கிய பிள்ளை இருந்தால் அவன் ஆசிரியரிடம் சண்டை போட்டவனாகத்தான் இருப்பான். மற்ற எல்லாருக்கும் பத்துக்குப் பத்து.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரை மார்க்கில் கவுன்சிலிங் வரிசை ஆயிரக்கணக்கில் மாறும் இடத்தில், பாட்டுப் பாடவில்லை என்று ஒரு பிள்ளைக்கு ஒரு மார்க்கைக் குறைக்க எந்த ஆசிரியருக்குக் கை வரும்? இன்னொன்றும் உண்டு. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு மார்க் ஷீட்தான் ஏணி. அது அப்பா என்ன வேலை, ஊர் எது, இங்கிலீஷ் சரளமா என்று கேட்பதில்லை. சேர்க்கையில் ஆளுமை, பன்முகத் திறமை எல்லாம் பார்க்க வேண்டும் என்று பேசுபவர்கள், நீச்சலும் கீபோர்டும் எந்த வீட்டுப் பிள்ளைக்கு அமைகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். முழுமைக் கல்வியை மார்க்குக்குள் கொண்டுவந்தால் அதுவும் காசு உள்ளவன் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் அதை மார்க்குக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் மார்க்குக்கு வெளியே உள்ள எதுவும் இங்கே நேரத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. சிக்கலே அங்கேதான்.

கைவேலை என்றால் வரும் சந்தேகம்

கையால் செய்து கற்பது முழுமைக் கல்வியின் ஒரு பாதி. இதைத் தமிழ்நாட்டில் எடுத்தாலே ஒரு பழைய காயம் வலிக்கும், அது நியாயமான வலியும்கூட. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் எதிர்த்தார், போராட்டம் வெடித்தது. 1954இல் ராஜாஜி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்குள் தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே "யார் பிள்ளைக்கு எந்தத் தொழில்?" என்ற கேள்வி எழும். 2020 கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்வி என்றபோதும் அதே கேள்விதான் எழுந்தது.

அந்தக் கேள்விக்குப் பயந்து தொழிலை மொத்தமாக ஒதுக்கவும் இல்லை, எல்லாருக்கும் பொதுவாக்கவும் இல்லை. மேல்நிலை தொடங்கிய காலத்திலேயே தொழிற்பிரிவும் தொடங்கியது. மேல்நிலையில் பாதிப் பேராவது தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்பது கோத்தாரி குழுவின் எதிர்பார்ப்பு. இங்கே பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களுக்கு மிஞ்சும் இடமாக அது ஆகிவிட்டது. அதிக மார்க் வாங்கியவர் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர் அடுத்த குரூப், கடைசியில் தொழிற்பிரிவு. ஒரே பள்ளியில், ஒரு அறையில் ஃபர்ஸ்ட் குரூப் பையன் வீட்ஸ்டன் சமனச்சுற்றை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். பின்கட்டில் எலெக்ட்ரிக்கல் பிரிவுப் பையன் பலகையில் வயரிங் போட்டுக்கொண்டிருப்பான். வயரிங் போடுபவனுக்கு ஏன் என்று தெரியாது, மனப்பாடம் செய்பவனுக்கு எப்படி என்று தெரியாது. இருவரையும் வாரத்தில் ஒரு மதியம் ஒரே மேசையில் உட்கார வைக்க எந்த விதியும் தடையில்லை. ஆனால் அதற்கான பீரியட் அட்டவணையில் இல்லை.

எது நிலைத்தது

மார்க் இல்லாமலும் சில விஷயங்கள் பள்ளியில் நிலைத்திருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் அவற்றுக்கு ஆள் உண்டு, நாள் உண்டு, பணம் உண்டு. 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா அப்படி ஒன்று. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் போட்டிகள். முதல் வருஷமே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். பறை அடிக்கத் தெரிந்த பிள்ளை, களிமண்ணில் சிற்பம் செய்யும் பிள்ளை என்று அதுவரை கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் திடீரென்று பள்ளியின் பெயர் சொல்லும் பிள்ளைகளானார்கள். அதற்குத் தேதி குறித்துச் சுற்றறிக்கை வந்தது, தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் நடந்தது. குறையும் உண்டு. போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்குக் கற்றுத்தர ஆள் கிடையாது.

ஆள் விஷயம்தான் முக்கியம். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்றவற்றுக்காக 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான திட்ட நிதியில். இத்தனை வருஷம் கழித்தும் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரே அரைநாள் ஆள் என்றால், ஓவியம் எப்படி முழுநாள் பாடமாகும்? பதினொன்றாம் வகுப்புக்கு அந்த அரைநாள் ஆளும் இல்லை. மேல்நிலையில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் இருக்கும் பள்ளியில் கிரவுண்டு உயிரோடு இருப்பதையும், அந்த இடம் காலியான மறுவருஷமே கிரவுண்டில் முள் முளைப்பதையும் கிராமத்துப் பள்ளிகளைச் சுற்றிவந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அயர்லாந்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, நம் பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. அங்கேயும் பள்ளி இறுதித் தேர்வின் புள்ளிகள்தான் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கின்றன. கட்-ஆஃப் பயம் அவர்களுக்கும் உண்டு. 1974இல் அன்றைய கல்வி அமைச்சர் ரிச்சர்ட் பர்க், பதினைந்து, பதினாறு வயதில், பள்ளியின் கீழ்க்கட்டத்துக்கும் மேல்கட்டத்துக்கும் நடுவே அரசுத் தேர்வே இல்லாத ஒரு வருஷத்தைக் கொண்டுவந்தார். மூன்று பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, 1994இல் பரவலாக விரிந்தது. அந்த வருஷத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒரு வேலையிடத்தில் சில வாரம் போய் நிற்பார்கள், முதியோருக்கு உதவுவார்கள், நாடகம் போடுவார்கள், பாடங்களை ருசி பார்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்வார்கள். சும்மா இருக்கும் வருஷம் என்ற ஏச்சு அங்கேயும் உண்டு. சுற்றுலா, செலவு என்று ஏழைக் குடும்பங்களுக்குச் சுமையாகிறது என்ற புகாரும் உண்மையானது. ஆனால் அந்த வருஷத்துக்கென்று ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர் இருக்கிறார், அரசு தனியாகப் பணம் தருகிறது. அதனால்தான் ஐம்பது வருஷம் தாண்டி நிற்கிறது.

பொதுத்தேர்வு போன பிறகு நம் பதினொன்றாம் வகுப்புக்கும் அப்படி ஒரு மூச்சு விடும் இடம் கிடைக்கலாம். அதே வேகத்தில் 2017க்கு முந்தைய வழக்கத்துக்கும் திரும்பலாம். இரண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையாசிரியரிடம் கேட்கும் முதல் கேள்வி இன்னும் பிளஸ் டூ தேர்ச்சி சதவீதம்தான். மெல்லக் கற்போருக்குப் பாஸாக மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல் கொடுத்தாயா என்பது இரண்டாவது கேள்வி. நூலகத்தில் எத்தனை புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போனது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் வரும் நாளில் என் கணிப்பை மாற்றிக்கொள்கிறேன்.

அதுவரை, பிள்ளையைப் பிளஸ் ஒன் சேர்க்கப் போகும் பெற்றோர் அட்மிஷன் அறையில் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டுக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. கையோடு அங்கே படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து மூன்று விஷயம் விசாரிக்கலாம். போன ஜனவரியில் உங்களுக்கு எந்த வகுப்புப் புத்தகம் நடந்தது? பி.டி. பீரியடில் கடைசியாக எப்போது கிரவுண்டுக்குப் போனீர்கள்? மதியம் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?